ஸ்டுடியோ ஜன்னலிலிருந்து எடுத்த படம்

ஓடுகிற ஜீப்பையும் நிற்கிற ஜீப்பையும் ஒரு போட்டோவில் எப்படிப் பிரித்துச் சொல்வது என்ற கேள்வி நான்கு வருடங்களுக்கு முன்பு வரை எனக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்த போட்டோக்களில் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அல்லது நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் அசைந்தார்களா என்று யாரும் கேட்டதில்லை.

அப்போது நாங்கள் கம்பத்தில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. நான் தேனிக்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தும் வேலைக்குப் போகவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படித்தாள். அவளுக்கு அடுத்தது கைக்குழந்தை.

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு முக்கு இருந்தது. சுருளிப்பட்டியிலிருந்து வரும் சாலை மெயின் ரோட்டில் சேரும் இடம். காலை எட்டரைக்கு அங்கே எல்லாம் ஒன்றாக வந்து சேரும்: வாழைத்தார் வண்டி, திராட்சைக் கூடை ஏற்றிய லாரி, பஸ், பள்ளிப் பிள்ளைகள், இவற்றோடு மலைக்குப் போகும் ஜீப்புகள். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, இரண்டாம் நடைக்குத் திரும்பி வந்து, மறுபடி ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரம் அது. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட பெண்கள் உள்ளேயும் பின்னாலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முக்கில் எந்த ஜீப்பும் நிற்காது. ஹாரனை அழுத்தியபடியே திரும்பிவிடும்.

ஒருநாள் அப்படித் திரும்பிய ஒரு ஜீப்பின் படி, என் மகள் கையிலிருந்த தூக்குவாளியைத் தட்டிவிட்டுப் போனது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாளி நசுங்கி, தயிர்சோறு சாலையில் கொட்டிக் கிடந்தது. அவள் மூடியைக் காணோம் என்று அழுதாள். நான் குழந்தையோடு அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் கூடிவிட்டது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நம்பரப் பாத்தியா தாயி?"

பார்க்கவில்லை. ஜீப்பின் நிறம்கூட எனக்கு நினைவில்லை. கரும்பலகையில் எழுத்தை எப்படி வரிசையாக எழுத வேண்டும் என்று இரண்டு வருடம் படித்தவளுக்குக் கண்முன்னால் போன நான்கு எண்களைப் படிக்கத் தெரியவில்லை. பயத்தைவிட அதுதான் அன்று முழுவதும் என்னை அரித்தது.

மறுநாள் முக்கிலிருந்த வாழைக்காய் மண்டி வாசலில் கூட்டம் கூடியது. கூட்டியவர் மண்டி முதலாளி. அவருடைய பேத்தியும் அதே பள்ளியில்தான் படித்தாள். மண்டிக்கு மேல்மாடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அவர் அந்த ஜன்னலைக் காட்டிப் பேசினார்.

"போலீஸ்காரவுக திருவிழாவுக்குத்தான் இங்கன வந்து நிப்பாக. மத்த நாளு நம்ம பிள்ளைகள யாரு பாக்குறது? மேல ஜன்னலத் தொறந்தா முக்கு பூராம் தெரியுது. நிக்காமப் போற ஜீப்ப ஒரு படம் எடுத்துப்போட்டா நம்பரும் அதுல விழுந்துருமில்ல."

ஸ்டுடியோக்காரர் மெலிந்த மனிதர், எப்போதும் பேனா செருகிய சட்டை. "நான் கல்யாணத்துக்குப் படம் எடுக்குறவன்யா. ஜீப்பு என்ன, என்னயப் பாத்துச் சிரிக்கவா போகுது?" என்றார்.

மலைக்குப் போகும் பெண்களில் ஒருத்தி அன்று வேலைக்குப் போகவில்லை போலும். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "எங்களப் படம் எடுக்க நீங்க யாரு?" என்றாள்.

"ஒன் மொகரைய யாரு எடுக்குறா? டிரைவரத்தான எடுக்கப்போறாக" என்று ஒருவர் சொன்னார்.

"டிரைவர மட்டும் வெட்டியா எடுப்பீக? பக்கத்துல நாங்கதான ஒக்காந்துருக்கோம். நான் யாரு கூட, எந்த வண்டில போறேங்குறத ஸ்டேஷன்ல வச்சுப் பாக்கணுமாக்கும்."

கழுத்தில் சிவப்புத் துண்டு போட்டிருந்த ஒரு ஜீப் டிரைவர் மெதுவாகச் சொன்னார். "எடுங்கய்யா, எங்களப் பூராம் எடுங்க. அப்பிடியே ரோட்டுப் பாதிய அடச்சு வாழத்தார எறக்கி வச்சுருக்காகளே, அதையும் ஒண்ணு எடுங்க. நம்பர் இல்லாட்டியும் ஆளு யாருன்னு தெரியும்."

மண்டி முதலாளி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பேச்சு கலைந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ள. ஒம் பிள்ளதான் தப்பிச்சுருக்கு. நீ சொல்லுத்தா."

"எடுக்கலாம்ங்க" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நசுங்கிய தூக்குவாளி வீட்டு மூலையில்தான் கிடந்தது.

ஸ்டேஷனுக்கு மனு எழுதும் வேலையும் எனக்கே வந்தது. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். நான்காவதில் ஒரு வாக்கியம் எனக்கே பிடித்துப்போனது. "மனிதர் கண் தவறலாம், கேமரா தவறாது." இரவல் வாங்காத வாக்கியம் என்று உள்ளூரப் பெருமையாக இருந்தது. மனுவைப் படித்த எஸ்.ஐ., ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள், பிள்ளைகள்மேல் ஏற்றப்போவதாகப் படத்தில் எவனாவது தெரிந்தால் அவன் லைசென்ஸை வாங்கி வைத்துவிடுகிறேன் என்று சொன்னதாக முதலாளி வந்து சொன்னார்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஸ்டுடியோக்காரருக்கு அதுதான் கவலை. "கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் தெரியும், மேளத்த வச்சுச் சுதாரிச்சுக்குவேன். இங்கன எந்நேரம் தாலி கட்டுவாகன்னு எப்பிடித்தா தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் கவனித்தது ஜீப்புகளை மட்டுமல்ல. ஜன்னல் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் மனிதர்கள் மாறிப்போனார்கள். டிரைவர்கள் சாலையைப் பார்ப்பதற்குப் பதில் மாடியைப் பார்த்தார்கள். பெண்கள் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒரு ஜீப்பின் நம்பர் பலகை மேல் மழையில்லாத நாளில் சேறு அப்பியிருந்தது. மண்டி வாசலில் கிடந்த தார்கள் உள்ளே ஏறிவிட்டன. நானும் சும்மா இருக்கவில்லை. முக்கு வரும்போது மகளின் ரிப்பனைச் சரிசெய்தேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். குற்றம் கண்டுபிடிக்க வைத்த கேமராவுக்கு நான் எதற்காக அழகாகத் தெரிய வேண்டும் என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. நாங்கள் பாதி சாலையைக் கடந்திருந்தபோது ஒரு ஜீப் திரும்பியது. நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டு மகளை இழுத்தேன். ஜீப் நின்றுவிட்டது. உண்மையிலேயே நின்றது. உள்ளே சிவப்புத் துண்டுக்காரர். நின்ற வேகத்தில் என்ஜினும் அடங்கிப்போனது. பின்னாலிருந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தார்கள்.

"தாயிக்காக நிப்பாட்டுனேன், நீங்க எறங்கித் தள்ளுங்க" என்றார் டிரைவர் அவர்களிடம். பிறகு என்னைப் பார்த்து, "செல்ஃப் எடுக்காது தாயி. சமத்தரையில நின்னா தள்ளித்தான் கெளப்பணும். அதான் இங்கன ஒருத்தனும் நிக்கிறதில்ல" என்றார். என் மகளிடம், "நீ போ மோளே" என்றார். தினமும் மலையேறி இறங்குபவர், அந்தப் பக்கத்து மலையாளச் சொல் தானாக வந்துவிடும்.

இறங்கியவர்களில் அன்று மண்டி வாசலில் பேசிய பெண்ணும் இருந்தாள். "யக்கா, ஒனக்காகத்தான நின்னுச்சு, நீயும் ஒரு கை குடு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். குழந்தை இடுப்பில் இருக்கிறது என்ற சாக்கில் வேகமாக நடந்துவிட்டேன்.

சனிக்கிழமை படங்கள் மண்டி மேசைக்கு வந்தன. பெரியவர்கள் பார்த்து முடித்தபின் என் கைக்கு வந்தன. சிலவற்றில் பஸ்ஸின் முதுகுதான் விழுந்திருந்தது. நான்காவது படத்தில் ஒரு ஜீப், நிழலில் நிறுத்திவைத்ததுபோல அமைதியாக இருந்தது. "இது நிக்கிது, விடு" என்று அதை ஒதுக்கியிருந்தார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எங்களைச் சாலையோரத்துக்கு விரட்டிவிட்டுப் பறந்த ஜீப்பின் முன்கண்ணாடியிலும் இதேபோல மஞ்சள் மாலை ஒன்று தொங்கியது. ஆனால் மஞ்சள் மாலை பல ஜீப்புகளில் தொங்கும்.

ஏழாவது படத்தைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதை மட்டும் ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கியிருந்தார். நடுவில் நான், வாயைத் திறந்தபடி. இடுப்பில் குழந்தை, கைப்பிடியில் மகள், அவள் சடை காற்றில். ஒரு சாண் தள்ளி ஜீப்பின் மூக்கு. நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"பிள்ள மேலயே ஏத்தப் பாத்துருக்கான். திங்கக்கெழம இத ஸ்டேஷன்ல குடுத்துருவோம்" என்றார் முதலாளி.

செய்தி கேட்டுச் சிவப்புத் துண்டுக்காரர் வந்துவிட்டார். படத்தை வாங்கி, தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். "நான் நின்னேன்யா" என்றார்.

"நின்ன லச்சணம்தான் தெரியுதே. அந்தப் பிள்ள மூஞ்சியப் பாரு" என்றார் முதலாளி.

"லைசென்ஸு போனா நான் என்னய்யா செய்வேன்? வேற தொழிலும் தெரியாது. அந்தா நிக்கிற தாயியவே கேளுங்க, நின்னேனா இல்லையான்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே நம்பிக்கை போய்விட்டது. அவர் நின்றது புதன்கிழமை. இது புதன்கிழமைப் படம்தானா? நின்றிருந்தால் நான் ஏன் இப்படி அலறுகிறேன்? ஒருவேளை இன்னொரு நாள் நிற்காமல் வந்திருப்பாரோ? கேமரா தவறாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். அதோடு, இந்தப் படமும் இல்லையென்றால் ஜன்னலை மூடிவிடுவார்கள், முக்கு பழையபடி ஆகிவிடும், என் மகள் அதைத் தினமும் இரண்டு முறை தாண்ட வேண்டும் என்ற எண்ணமும் உள்ளே ஓடியது. இதை மறைக்க விரும்பவில்லை.

"எனக்குச் சரியா நினைவில்லைங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு போனார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் நிதானமானவர். "எழுதிக் கொடுத்தது ஒண்ணு, சொல்றது ஒண்ணுன்னா ஸ்டேஷன்ல உன்னைப் பத்தி என்ன நினைப்பாக? அது கிடக்கட்டும். முதல்ல வண்டி நின்னுச்சா ஓடுச்சான்னு நீ உறுதியாச் சொல்லு. அப்புறம் நானும் கூட வாரேன்."

அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டுடியோ மாடி ஏறினேன். பூசை முடிந்து வந்த ஒரு குடும்பம் புதுச்சட்டையோடு படத்துக்கு உட்கார்ந்திருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு, "ஏழாவது படத்தை இன்னும் ஒரு தடவை பார்க்கணும்ங்க. ஓடுற வண்டி படத்துல எப்படி விழும்?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. படங்களைத் திருத்தும் டச்சிங் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார். "ரொம்ப வேகம்னா மங்கலாப் போகும். மெதுவாப் போனா நிக்கிற மாதிரியே விழும். நேரா நம்மளப் பாத்து வந்தா வேகமா வந்தாலும் தெரியாது. சக்கரத்தப் பாக்கணும், தூசியப் பாக்கணும்." பார்த்தோம். சக்கரம் நிழலில் இருந்தது. தரை ஈரமாக இருந்ததால் தூசியும் கிளம்பியிருக்கவில்லை. ஆடியிருந்தது என் மகளின் சடை மட்டும்தான். அந்தப் படத்தில் ஓடியது யார் என்றால் நாங்கள்தான்.

"நெகட்டிவ்ல வேற ஏதாவது இருக்குமா?" என்றேன். சும்மா கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஓரத்துல கொஞ்சம் உண்டு. பிரிண்டு போடும்போது வெட்டிட்டேன்."

"ஏன் வெட்டினீங்க?"

"என்னத்தா இப்பிடிக் கேக்குற? ஆளு நடுவுல இருக்கணும், ஓரத்துல அடுத்தவன் கையி காலு தொங்கக்கூடாது. மாப்பிள்ள பொண்ணு படத்துல பந்திக்காரன் முழங்கை தெரிஞ்சா வீட்டுக்காரவுக விடுவாகளா? முப்பது வருசமா அப்பிடித்தான் வெட்டுறேன். அதுல ஒரு காலு அசிங்கமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்ததால் முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் நகத்தால் காட்டினார். ஜீப்பின் பின்புற ஓரத்தில் ஒரு கால். செருப்பில்லாத பாதம் தரையில் முழுதாக ஊன்றியிருந்தது. மற்றக் கால் படியில். சட்டைக் கை மடித்துவிட்ட ஒரு கை, தூக்குவாளியை மேலே இருப்பவளிடம் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் இப்படி வாளியைக் கொடுத்துவிட்டு இறங்கமாட்டார்கள். தள்ளுவதற்காக இறங்கிய கால் அது. புதன்கிழமைதான். 'நீயும் ஒரு கை குடு' என்றவளுடைய காலாகக்கூட இருக்கலாம்.

அவருக்கும் புரிந்துவிட்டது. "நல்ல படம்னு நெனச்சுப் பெருசாக்குனேன்" என்றார். பிறகு டார்க் ரூமுக்குப் போய் ஓரம் வெட்டாமல் இரண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தார். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று எனக்கு.

திங்கட்கிழமை கணவர் அரைநாள் லீவு போட்டுக் கூட வந்தார். ஸ்டேஷனுக்குள் போனது எனக்கு அதுவே முதல் முறை. மண்டி முதலாளி ஏற்கெனவே வந்திருந்தார். டிரைவர் சுவரோரம் நின்றிருந்தார், அவருடைய லைசென்ஸ் மேசை மேல் இருந்தது. முதலாளி கொண்டுவந்த படத்தையும் என் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஓரத்தில் தெரிந்த காலைக் காட்டினேன். முழுதாகச் சொல்லிவிட்டேன். வண்டி நின்றது, பெண்கள் இறங்கித் தள்ளினார்கள், சனிக்கிழமையே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

எஸ்.ஐ. என் மனுவை எடுத்துப் புரட்டினார். "கேமரா தவறாதுன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க. அதை நான் தெரியாம எழுதிட்டேன்."

முதலாளி, "அப்ப மத்த படமெல்லாம்?" என்றார்.

"இதுல நின்னவன் ஏத்துறவன் மாதிரி இருக்கான். அப்ப மத்ததுல நிக்கிறவன் ஓடுறவனா இருப்பான். நான் எதைய்யா நம்புறது?" என்றபடி எஸ்.ஐ. லைசென்ஸை டிரைவர் பக்கம் தள்ளினார். பன்னிரண்டு படங்களையும் உறையில் போட்டு முதலாளியிடமே கொடுத்துவிட்டார். நான்காவது படம் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மஞ்சள் மாலை என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது? ஒரு தடவை உறுதியில்லாமல் வாயை மூடிக்கொண்டது தப்பாகிவிட்டது. இந்தத் தடவை உறுதியில்லாமல் வாயைத் திறப்பது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் டிரைவர் எங்களுக்காக நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் அதைச் செய்யவில்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம் தாயி" என்றார்.

"சொல்லியிருக்கணும். எனக்கு என் பிள்ளையை நினைச்சுப் பயம். கேமராவும் போயிருச்சு, இனிமே முக்குல என்ன செய்யப்போறேன்னு தெரியலை."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முக்குல எவனும் நிக்கமாட்டான், படம் எடுத்தாலும் சரி, பாட்டுப் பாடுனாலும் சரி. அங்கன, முக்குத் தாண்டி இருக்குற பாலத்துக்கிட்ட நிக்கச் சொல்லுங்க. அது எறக்கம். எம்புட்டு நேரம்னாலும் நிப்போம். பிரேக்க விட்டா வண்டி உருளும், உருண்டா எடுத்துக்கும். பிள்ளைகள அம்பது அடி நடக்கச் சொல்லுங்க, போதும்."

கணவர் என்னைப் பார்த்தார். முதலாளிகூட, "ஏய்யா, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க ஜன்னலப் பத்தித்தான கேட்டீக" என்றார் அவர்.

அந்த வாரமே முதலாளி ஆள் விட்டுப் பாலத்தருகே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பிள்ளைகளை அந்த வழியாக வரவைத்தோம். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும். மறுபடி போட வேண்டும். எல்லா ஜீப்பும் நின்றதா என்றால் இல்லை. ஆனால் பல நின்றன. சிவப்புத் துண்டுக்காரர் நிற்கும்போது என்ஜின் அடங்கிவிடும், பெண்கள் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் கடந்ததும் வண்டி சத்தமில்லாமல் உருண்டு, பத்தடி தள்ளி இருமிக்கொண்டு உயிர் பெறும். நாங்கள் கம்பத்தை விட்டு வரும்வரை அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மகளின் கையை விடுவேன்.

என் பங்குக்கு வந்த படம் இப்போது தேனி வீட்டில், நாற்காலிப் படங்களோடு ஒரே ஆல்பத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஐயோ, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "ஜீப் ஓடுதா, நிக்குதா, பாத்துச் சொல்லுங்க" என்பேன். இதுவரை எல்லாரும் ஓடுகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உடனே, இப்போது ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து, படத்தின் ஓரத்தில் அந்தக் காலின் மேல் விரலை வைப்பாள்.